நாடு பிரித்துக் கொடுத்தவர்

வியாழக்கிழமை மாலை நான்கு ஐம்பதுக்கு சுசீலா எங்கள் மிஷன் கோயில் கூடத்துக்குள் ஓடி வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. மாதர் சங்கக் கூட்டம் தொடங்கி, முதல் பாட்டைப் பாடி முடித்துவிட்டு நாங்கள் பாயில் உட்கார்ந்திருந்தோம்.

"குவைத்துக்குள்ள ஈராக்கு பட்டாளம் பூந்துடுச்சாம்!" என்றாள்.

பாயிலிருந்த பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள். என் மூத்த மகன் ரூபன் அப்போது குவைத்தில் இருந்தான். போய் ஒரு வருடம்கூட ஆகவில்லை. மீனும் இறைச்சியும் வைக்கிற குளிர்சாதனக் கிடங்கு ஒன்றில் வேலை.

என்னைத் திரும்பிப் பார்க்காதவர் ஒருவர்தான். அவரைப் பற்றித்தான் எழுதுகிறேன். பெயரை எழுதப் போவதில்லை. சங்கத்தில் எல்லோரும் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டோம். அவரைவிட வயதில் மூத்தவர்களும் அப்படித்தான்.

அக்கா சுசீலாவையே பார்த்தார். "யாரு சொன்னது?"

"ரேடியோலக்கா. மத்தியானம்."

"ரேடியோல இன்னா வந்துச்சோ அத்த மட்டும் சொல்லு. நீயா ஒண்ணும் சேக்காத."

சுசீலா மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள். விடியற்காலையில் ஈராக் படை எல்லையைத் தாண்டியது. தலைநகரில் சண்டை. விமான நிலையத்தை மூடிவிட்டார்கள். அவ்வளவுதான் ரேடியோவில் வந்தது.

"சரி" என்றார் அக்கா. அப்புறம்தான் என் பக்கம் திரும்பினார். "எஸ்தர். ஈராக்கு. உன் சேதி இன்னா?"

என் மடியில் நாளிதழிலிருந்து கத்தரித்த துண்டு இருந்தது. ஈராக்கும் குவைத்தும் பேச்சுவார்த்தைக்கு உட்கார்ந்திருக்கின்றன என்று அதில் போட்டிருந்தது. அதைப் படித்தேன். படித்து முடித்ததும் அக்கா, "இது நேத்து சேதி. பரவால்ல, இது வந்ததுதானே" என்று சொல்லிவிட்டு அடுத்த பெண்ணைப் பார்த்தார். அந்த நிமிடம் அவர்மேல் எனக்கு ஏற்பட்ட வெறுப்பை இன்றைக்கும் நாக்கில் உணர முடிகிறது.

எங்கள் வழக்கம் தெரியாதவர்களுக்கு இது விளங்காது. சித்தூரில் எங்கள் மிஷன் கோயிலில் வியாழக்கிழமைதோறும் பெண்கள் கூடி ஜெபிப்போம். கடைசியில் ஒருவர் "உலக சமாதானத்துக்காகவும் வேண்டிக்கொள்கிறோம்" என்பார், எல்லோரும் ஆமென் சொல்வோம், டீ வந்துவிடும். அக்கா தந்தி ஆபீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்று சங்கத்தில் சேர்ந்த முதல் மாதமே எழுந்து கேட்டார். "உலகம்னா எந்த ஊரு? விலாசம் இல்லாம எப்படிப் போய்ச் சேரும்?"

சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. அடுத்த ஜனவரியில் பள்ளிக்கூட உலகப் படம் ஒன்றைக் கூடத்துச் சுவரில் மாட்டி, சங்கத்துப் பெண்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு நாடு பிரித்துக் கொடுத்தார். வருடம் முழுக்க அந்த நாட்டைப் பற்றி வருகிற செய்தியை அவள் படிக்க வேண்டும், கேட்க வேண்டும், வியாழக்கிழமை சொல்ல வேண்டும், அந்த நாட்டுக்காக ஜெபிக்க வேண்டும். கணவன் படித்துவிட்டுப் போட்ட பேப்பரில் அப்பளம் காயவைக்கிற பெண்கள் நாங்கள். ஆறு மாதத்தில் பேப்பர்காரனிடமிருந்து முதலில் வாங்குவது நாங்களாகிவிட்டோம்.

வேடிக்கையும் இருந்தது. நாட்டின் பெயரே எங்களுக்குப் பட்டப்பெயராயிற்று. காய்கறி மார்க்கெட்டில் நின்று, "இன்னாடி பர்மா, கத்திரிக்கா சொத்தையா கீதே" என்று ஒருத்தி கத்துவாள். ருஷ்யாவுக்கு மூட்டுவலி, இத்தாலிக்கு மருமகளோடு சண்டை. கிழக்கு ஜெர்மனியை வைத்திருந்த கமலா ஒரு வாரம் அழாத குறையாக வந்தாள்.

"அக்கா, ரெண்டு ஜெர்மனியும் ஒண்ணாயிடப் போவுதாம். என் நாடே இல்லாம பூடும்போல கீது."

"அப்ப நீயும் சரோஜாவும் ஒண்ணா வச்சுக்குங்க. சண்ட போடாம."

"அவ மேக்கு ஜெர்மனிக்கா. பணக்காரி. என்னைச் சேத்துக்குவாளா?"

அந்தச் சிரிப்பில் அக்காவும் சேர்ந்துகொண்டார். அவர் சிரிக்கும்போது வாயைப் பொத்திக்கொள்வார், முன்பல் ஒன்று விழுந்திருந்தது.

பிரித்துக் கொடுப்பதில் ஒரு சட்டம் இருந்தது. கேட்கிற நாடு கிடைக்காது. சொந்தக்காரர் இருக்கிற நாடு நிச்சயமாகக் கிடைக்காது. அந்த ஜனவரியில் நான் குவைத்தைக் கேட்டேன். என் பிள்ளை இருக்கிற இடத்தைப் பற்றி எப்படியும் தினம் படிக்கிறேன், எனக்கே கொடுங்கள் என்றேன்.

"அதனாலதான் உனக்கில்ல" என்றார். "சொந்தம் இருந்துச்சுன்னா ஒண்ணு சேத்துச் சொல்லுவ, இல்ல கொறச்சுச் சொல்லுவ." குவைத் சுசீலாவுக்குப் போயிற்று. எனக்குப் பக்கத்து நாடான ஈராக். ஒரு யோசனையும் இல்லாமல் வாங்கிக்கொண்டேன். ஜனவரியில் அது பேரீச்சம்பழம் விளைகிற நாடு.

சேர்க்காமல், குறைக்காமல் சொல்வது. அக்கா என்றால் அதுதான். இளம் வயதிலிருந்து தந்தி ஆபீஸில் இருந்தவர். யாராவது பேசும்போது கட்டை விரலால் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டுக்கொண்டே இருப்பார், வார்த்தைகளை எண்ணுகிறார். நீட்டிப் பேசினால் கையை உயர்த்தி, "போதும், காசு ஏறுது" என்பார். எங்கள் சபைப் போதகரான ஐயரின் பிரசங்கத்திலும் அந்த விரல்கள் ஓடுவதைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு தடவை பாகாலா ரயில் நிலையத்தில் வண்டிக்காகக் காத்திருந்தபோது என்னிடம் சொன்னார். வீட்டில் ஒருவர் இறந்துவிட்டால் வெளியூரில் இருக்கிற பிள்ளைக்கு யாரும் அப்படியே தந்தி கொடுப்பதில்லை. 'அப்பா சீரியஸ், உடனே புறப்படு' என்றுதான் எழுதிக்கொண்டு வருவார்கள். நாளெல்லாம் அப்படிப்பட்ட தந்திகளை அனுப்பியவர் அக்கா. அவருடைய அப்பா இறந்தபோது, பயிற்சிக்காக மதராஸில் இருந்த அவருக்கும் அதே தந்திதான் வந்தது.

"எனக்குத் தெரியாதா எஸ்தர்? நான் அனுப்பாத சீரியஸா? ஆனா நமக்குன்னு வந்தா நம்பத் தோணுது பாரு. வண்டி மாற இங்கதான் எறங்கினேன். எங்க நைனாவுக்கு சாத்துக்குடி புடிக்கும். காய்ச்சலுக்கு நல்லதுன்னு பேரம் பேசி வாங்கினேன். அத்த மடியில வச்சுக்கினு ஊட்டு வாசல்ல எறங்குறேன், பந்தல் போட்டுக்கினு கீறாங்க."

வண்டி வந்துவிட்டது. அதற்குமேல் அவர் அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

தொண்ணூறாம் வருடத்து அந்த ஆகஸ்ட் மாதம் எங்கள் வீட்டில் நடந்ததை ஒழுங்காகச் சொல்ல எனக்கு வராது. டெலிபோன் லைன் இல்லை, கடிதம் இல்லை. சர்க்கரை ஆலையில் வேலை பார்த்த என் கணவர் அங்கே இருக்கிற போனில் தினமும் முயற்சி பண்ணிவிட்டு வருவார். வாசலில் சைக்கிள் நிற்கிற சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிடும். நான் டீச்சராக இருந்த பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கழித்தல் கணக்கு போட்டுக்கொண்டே அழுதிருக்கிறேன். சந்தித்தவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள். வந்துடுவான். பால்காரர், தலைமையாசிரியை, ஐயர், ரேஷன் கடையில் முன்னால் நின்ற முகம் தெரியாத பெண். ஊரில் அந்த வார்த்தையைச் சொல்லாதவர் அக்கா ஒருவர்தான்.

வியாழக்கிழமைக் கூட்டம் சந்தைபோல் ஆகிவிட்டது. பேசுவதற்கு அவ்வளவு இருந்தது. டில்லியில் இட ஒதுக்கீட்டுக் கலவரம், பெட்ரோல் பங்கில் வரிசை, மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை, அமெரிக்கா கப்பல் அனுப்புகிறது.

"எங்கூட்டுக்காரரு சொல்றாரு, அமெரிக்காக்காரன் ரெண்டு நாள்ல இவனுங்கள தொரத்திடுவானாம்" என்றாள் சரோஜா.

"உங்கூட்டுக்காரரு எங்க கீறாரு? பாலைவனத்துலயா?" என்றார் அக்கா.

"ஐயோ, ஊட்லதான் துன்னுட்டுப் படுத்துக்கினு கீறாரு."

எல்லோரும் சிரித்தார்கள். நான் எழுந்து நின்றேன். "அக்கா, எனக்கு நாடு மாத்திக் குடுங்க. குவைத்த எனக்குக் குடுங்க. என் புள்ளையப் புடிச்சு வச்சுக்கினு கீறவனுக்கு நான் ஜெபம் பண்ண முடியாது."

"அவனுக்குன்னு நான் சொன்னனா? நாட்டுக்குன்னு சொன்னேன். பாக்தாதுல ரொட்டிக்கு வரிசையாம், பேப்பர்ல போட்டுக்கீது. அதான் உன் சேதி. சொல்லு."

"உங்களுக்குப் புள்ள இருந்தா தெரியும்."

அக்கா கல்யாணம் செய்துகொள்ளாதவர். முகம் மாறவில்லை. கட்டை விரல் மட்டும் மூன்றாவது விரலில் நின்றுவிட்டது.

"குவைத்துக்கு இங்க கீற அத்தன பேரும் ஜெபம் பண்றாங்க எஸ்தர்" என்றார். "ஈராக்குக்கு நீ ஒருத்திதான் கீற."

நான் வெளியே வந்துவிட்டேன். அதன்பிறகு சில வாரங்கள் கூட்டத்துக்குப் போகவில்லை. அக்கா விடவில்லை. கூட்டம் முடிந்ததும் குடையை ஊன்றிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வருவார். உள்ளே கூப்பிட்டாலும் வரமாட்டார். வாசலில் நின்று, "உன் நாட்டுச் சேதி" என்று ஆரம்பித்து அந்த வாரம் ஈராக்கைப் பற்றி வந்ததை நான்கு வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுவார். ரூபனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. என் கணவர்கூட ஒருநாள், "இந்தம்மாவுக்கு மனசுன்னு ஒண்ணு கீதா?" என்றார். ஆனால் அந்த நான்கு வரியை நான் கதவுக்குப் பின்னால் நின்று முழுக்கக் கேட்டேன். பஸ்ரா எந்தத் திசை, பாக்தாதிலிருந்து ஜோர்டான் எல்லைக்குப் போகிற ரோடு எவ்வளவு நீளம், வழியில் எந்த ஊரில் தண்ணீர் கிடைக்கும் என்பதெல்லாம் என்னை அறியாமல் மண்டையில் ஏறிவிட்டன.

ரூபனை அனுப்பிய ஏஜென்ட் திருப்பதியில் இருந்தான். அவன் ஆபீஸைத் திறந்திருக்கிறான், விவரம் சொல்கிறான் என்று கேள்விப்பட்டுப் புறப்பட்டபோது என் கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் அக்கா நின்றுகொண்டிருந்தார். "நானும் வரேன்" என்றார், அவ்வளவுதான்.

மாடிப்படி வரைக்கும் கூட்டம். கடப்பைப் பக்கத்திலிருந்து வந்தவர்கள், ராயசோட்டியிலிருந்து வந்தவர்கள், பர்தா போட்ட பெண்கள், கைக்குழந்தைகள். அங்கேதான் சீனுவின் அம்மாவைப் பார்த்தேன். சீனு ரூபனோடு ஒரே அறையில் இருந்தவன். இருவரும் ஒரே நாளில் ஒரே விமானத்தில் போனவர்கள். அந்த அம்மா காணிப்பாக்கத்தில் பிள்ளையார் கோயில் வாசலில் தேங்காய் விற்பவர். வீட்டில் தெலுங்கு, என்னிடம் தமிழ் கலந்து பேசுவார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "மா சீனு கபுரு, சேதி ஏதாச்சும் தெரிஞ்சுதா அம்மா?" என்றார். நான் இல்லையென்று தலையை ஆட்டினேன். பிடித்த கையை அவர் விடவே இல்லை.

ஏஜென்டின் ஆள் ஒருவன் நாற்காலிமேல் ஏறி நின்றான். "அந்தரு க்ஷேமமே! ஏமி காது! எல்லாரும் நல்லா கீறாங்க, ஊட்டுக்குப் போங்க."

கூட்டத்தில் பெரிய மூச்சு ஒன்று எழுந்தது. சீனுவின் அம்மா மேலே பார்த்துக் கும்பிட்டார். எனக்கும் நெஞ்சில் இருந்த கல் அசைந்தது. அப்போது என் பக்கத்திலிருந்து அக்காவின் குரல் கேட்டது.

"யாரு பாத்தது?"

"ஏம்மா?"

"க்ஷேமம்னு சொன்ன. யாரு பாத்தது? அங்கேர்ந்து யாரு சொன்னது? எப்ப?"

அவன் எரிச்சலோடு, "ஆபீஸ்ல சொன்னாங்க" என்றான்.

"எந்த ஆபீஸ்ல? யாரு?"

அவன் நாற்காலியிலிருந்து இறங்கிவிட்டான். கூட்டம் அவனை விட்டுவிட்டு அக்காமேல் திரும்பியது. "நல்ல வார்த்த சொல்றான், அதக்கூட கேக்க வுடமாட்டியா கிழவி?" என்று ஒருவர் கத்தினார். யாரோ குடையைப் பிடித்து இழுத்தார்கள். நானும் அந்தக் கூட்டத்தின் பக்கம்தான் இருந்தேன். எனக்கு அந்த க்ஷேமம் வேண்டியிருந்தது. பொய்யாக இருந்தாலும் சித்தூர் போய்ச் சேரும் வரைக்காவது வேண்டியிருந்தது. திரும்பும்போது பஸ்ஸில் அவர் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தில் நான் உட்காரவில்லை. பின்னால் போய் நின்றுகொண்டே வந்தேன்.

செப்டம்பரில் முதல் ஆள் திரும்பி வந்தான். பாலசமுத்திரத்துப் பையன், முனிரத்தினம் என்று பேர். அதே கிடங்கில் வேலை செய்தவன். உதடெல்லாம் வெடித்து, வேறு யாருடையதோ சட்டை போட்டிருந்தான். என் கணவர் அவனைத் தேடிக் கண்டுபிடித்து எங்கள் வீட்டுக்கு அழைத்துவந்தார். அன்று வியாழக்கிழமை, அவன் சொல்ல ஆரம்பித்தபோது அக்காவும் வாசலில் வந்து நின்றார்.

"நல்லாதான் கீறாங்க ஆண்ட்டி. எல்லாரையும் பஸ்ல ஏத்தி பஸ்ரா வரைக்கும் ஒண்ணாதான் கூட்டிக்கினு வந்தாங்க. அங்க பஸ் மாத்தினாங்க. நான் மொத பஸ்ல ஏறிட்டேன். ரூபனும் சீனுவும் பின்னாடி பஸ்ஸுக்கு நின்னுக்கினு இருந்தாங்க. வந்துடுவாங்க ஆண்ட்டி."

"ஏன் பின்னாடி பஸ்ஸு?" என்றார் அக்கா வாசலிலிருந்து.

அவன் என்னைப் பார்த்தான். என் கணவரைப் பார்த்தான்.

"எடம் இருந்துச்சா, இல்லையா? நீ பாத்தத சொல்லு தம்பி. நல்லா கீறாங்கன்றத அப்புறம் சொல்லலாம்."

"எடம் இருந்துச்சும்மா. சீனுவுக்கு ஒடம்பு காஞ்சுது. நிக்க முடியல. ரூபன்தான் அவனத் தாங்கிக்கினு இருந்தான். அவனோடதான் வருவேன்னான்."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் நான் பாக்கல."

அவன் போன பிறகு நான் சொன்னேன், சீனுவின் அம்மாவிடம் காய்ச்சலைச் சொல்ல வேண்டாம், பாவம், வந்துகொண்டிருக்கிறான் என்று மட்டும் சொல்வோம் என்று. அக்கா குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். மறுநாள் காலை பஸ்ஸில் காணிப்பாக்கம் போய், தேங்காய்க் கடையிலேயே நின்று, அவன் சொன்னதை அப்படியே தெலுங்கில் சொல்லிவிட்டு வந்தார். பஸ்ராவில் காய்ச்சல், நிற்க முடியவில்லை, பக்கத்தில் ரூபன் இருந்தான், அதற்கப்புறம் பார்த்தவர் இல்லை. அந்த அம்மா கையில் இருந்த தேங்காயை இவர் காலடியில் போட்டு உடைத்தார் என்று பிற்பாடு யாரோ சொன்னார்கள். "உன் வாயில நல்லதே வராதா?" என்று கேட்டாராம்.

அடுத்த வியாழக்கிழமை நான் கூட்டத்துக்குப் போனேன். மகன் ஈராக்கில் இருக்கிறான். அந்த நாட்டைப் பற்றி இந்த ஊரில் என்னைவிடத் தெரிந்தவர் இல்லை. பேப்பர், ரேடியோ, பக்கத்துத் தெரு முஸ்லிம் வீட்டில் வந்த சேதி எல்லாம் சேர்த்து வைத்திருந்தேன். என் முறை வந்ததும் எழுந்தேன்.

"ஒக்காரு எஸ்தர்" என்றார் அக்கா. "ஈராக்கு இனிமே உனக்கில்ல. சுசீலா, ஈராக்க நீ எடுத்துக்கோ. எஸ்தர், உனக்குக் குவைத்து."

எனக்கு முதலில் புரியவில்லை.

"உன் புள்ள இப்ப ஈராக்குல கீறான். குவைத்துல இல்ல. சட்டம் உனக்குத் தெரியும்."

சுசீலாவே எழுந்து, "அக்கா, வேணாங்க்கா. பாவம், அவங்களே வச்சுக்கட்டும்" என்றாள். கமலா முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அன்றைக்கு நான் கெஞ்சாத வார்த்தை இல்லை. காலைத் தொடுகிறேன் என்றேன். எங்கள் சபையில் யாரும் யார் காலையும் தொடுவதில்லை. அவர் என்னைத் தூக்கி உட்காரவைத்தார். அவர் உள்ளங்கை சில்லென்று இருந்தது.

"நீ சொல்லு, இந்த வாரம் அந்த ரோட்டுல எத்தன பேரு செத்தாங்கன்னு பேப்பர்ல வந்துக்கீது. அத்த நீ படிப்பியா? உன்னால வாய் தொறந்து சொல்ல முடியுமா?"

என் பையில் இருந்த துண்டுகளில் அந்தச் செய்தி இல்லை. அதை மட்டும் கத்தரிக்காமல் விட்டிருந்தேன்.

அப்படித்தான் ஜனவரியில் நான் கேட்ட குவைத் எனக்குக் கிடைத்தது. என் பிள்ளை இல்லாத குவைத். கடைகள் கொள்ளை போனதையும் எண்ணெய்க் கிணறுகளைப் பற்றிய பயத்தையும் வாரம் வாரம் சொன்னேன். ஜெபமும் பண்ணினேன். எந்த மனதோடு என்று கேட்காதீர்கள். சுசீலா ஈராக்கைச் சொல்லும்போது நான் பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டிருப்பேன். அவள் எதையும் விடாமல் சொன்னாள். அக்கா சேர்க்கவும் விடவில்லை, குறைக்கவும் விடவில்லை.

இப்போது அக்கா இல்லை. கண்பார்வை போய்த் தங்கை மகள் வீட்டில் கொஞ்ச காலம் இருந்தார். கடைசியாகப் பார்க்கப் போனபோது என் குரலை அடையாளம் கண்டுகொண்டு, "உன் நாடு எப்படி கீது?" என்று கேட்டார். எந்த நாட்டைக் கேட்டார் என்று எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வீடு பாஸ்போர்ட் இருக்கிற காலம் இது. எங்கள் வீட்டில் கலர் டிவி இருக்கிறது, நாள் முழுக்கச் செய்தி ஓடுகிறது. என் சின்ன மகளுக்கு வளைகுடாவில் நர்ஸ் வேலை என்று ஏஜென்ட் வந்து உட்காருகிறான். "அம்மா, ஒண்ணும் பயமில்ல" என்கிறான். யார் பார்த்தது என்று கேட்க வாய் வருகிறது. மகள் முகத்தைப் பார்த்துவிட்டு டீ போட உள்ளே போய்விடுகிறேன். அவள் தூங்குகிற நேரத்தில்கூட எழுந்து போய் மூச்சு விடுகிறாளா என்று பார்க்கிறேன். அந்த நாட்களுக்குப் பிறகு வந்த வழக்கம் அது, போகவில்லை.

ரூபன் வந்தது அந்த வருடம் அக்டோபரில், ஒரு வியாழக்கிழமை மாலை. பம்பாயிலிருந்து ரேணிகுண்டாவுக்கு ரயில், அங்கிருந்து திருப்பதி, திருப்பதியிலிருந்து பஸ். வீடு பூட்டியிருந்ததைப் பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டுக்காரர் சொல்ல, நேராகக் கோயிலுக்கு நடந்து வந்திருக்கிறான். நான் எழுந்து நின்று குவைத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன். கூடத்து வாசலில் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு யாரோ நிற்பது தெரிந்தது. தாடி, ஒட்டிய கன்னம். கழுத்துதான் எனக்கு முதலில் அடையாளம் தெரிந்தது.

என்ன செய்தேன் என்று எனக்கு ஞாபகமில்லை. சுசீலா சொல்லித்தான் தெரியும், சத்தமே போடாமல் போய் அவன் முதுகையும் தோளையும் தடவித் தடவிப் பார்த்தேனாம், சந்தையில் கன்று வாங்குகிறவள் மாதிரி. பெண்கள் எல்லோரும் சுற்றி நின்று அழுதார்கள், ஸ்தோத்திரம் சொன்னார்கள். கமலா டீ கொண்டுவந்தாள். அவன் இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்துக்கொண்டு குடிக்காமல் இருந்தான்.

அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"சீனு எங்கப்பா?"

டம்ளரைக் கீழே வைத்தான். ஜோர்டான் எல்லையில் கூடாரம் போட்டிருந்த இடம், கூட்டம், தண்ணீர் லாரிக்கு வரிசை, வரிசையில் நின்றுவிட்டுத் திரும்பி வந்தபோது சீனு படுத்திருந்த விதம். நிறுத்தி நிறுத்திச் சொன்னான். அங்கேயே மணலில் புதைத்தார்கள். இவனும் மண் தள்ளினான்.

அக்காவின் விரல்கள் சேலைத் தலைப்புக்குள் இருந்தன. அவர், "நீ ஊட்டுக்குப் போப்பா. காணிப்பாக்கத்துக்கு நான் போறேன். நான் சொல்லிக்கிறேன்" என்றார்.

ரூபன் தலையை ஆட்டினான். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றான்.

"வேணாங்க்கா. கூட இருந்தது நான்தான். நானே போய்ச் சொல்றேன்." பிறகு என்னைப் பார்த்தான். "நீயும் வாம்மா. எனக்கு அவங்க மூஞ்ச பாக்க பயமா கீது."